ஒன்பதாம் நம்பரின் சிவப்பு

எனக்கு வாய் ஜாஸ்தி என்று என் மாமியார் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பொய் இல்லை, ஜாஸ்திதான். ஆனால் பேசியே ஆக வேண்டிய ஒரு சமயத்தில் அந்த வாயை ஒன்பது நாள் மூடி வைத்திருந்தேன். அந்த ஒன்பது நாளைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நான் சின்னக் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. பொம்பளைப் பிள்ளை கிராணி வேலைக்கு வருவது அப்போது புதுசு. கணக்கெழுதும் நோட்டுகள், கோப்புகள், டெலிபோன் எல்லாம் என் மேசையில். என் வீட்டுக்காரர் பக்கத்து ஊர் கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு லோரி ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஆகவே லயத்து வீட்டில் பெரும்பாலும் நானும் மாமியாரும்தான். இரண்டு பேருக்கும் குரல் பெரிசு, வீடு சின்னது.

மாமியார் கொழுந்து வெட்டப் போகிறவர். ஒன்பதாம் நம்பர் மலையில் பதினெட்டுப் பெண்கள் ஒரு கூட்டமாக வேலை செய்தார்கள். அவர்களுக்குத் தலைக்காரி அவர். துரை கொடுத்த பதவி இல்லை, அவரே எடுத்துக்கொண்டது. யாருக்குக் கத்தரி மொட்டையாக இருக்கிறது, யாருக்கு இடுப்பு வலி, யாரை எந்த வரிசையில் நிறுத்தலாம் என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் நடக்கும். கூட்டத்துப் பெண்கள் கேலியாகக் கங்காணியம்மா என்று கூப்பிடுவார்கள். அவருக்கு அது கேலி என்று தெரியும், பிடிக்கவும் செய்யும்.

எழுபதுகளில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே ஆபீஸ் சுவரில் தோட்டத்தின் படம் ஒன்று மாட்டியிருந்தது. மலைகளுக்கு எல்லை போட்டு நம்பர் எழுதிய பழைய படம். ஈரம் பட்டு ஓரமெல்லாம் பழுப்பேறிப் போயிருந்தது. எந்த மலையில் எவ்வளவு கொழுந்து வந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு நோட்டைப் புரட்ட வேண்டும். நோட்டைப் புரட்டிப் புரட்டி அலுத்துப்போன தலைமை ஆபீஸ், ஒரு நாள் எங்களுக்குக் கம்ப்யூட்டர் ஒன்றை அனுப்பிவைத்தது.

பெட்டியைத் திறக்க வந்த ஆள் ஒரு வாரம் தங்கி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வரைகட்டம் போட்ட தாளில் தோட்டத்தை வரையச் சொன்னார். எந்தக் கட்டம் எந்த மலையில் இருக்கிறது என்று ஒவ்வொரு கட்டமாக மெஷினில் தட்டச் சொன்னார். மூன்று நாள் தட்டினேன். கண் எரிந்தது. பிறகு கொழுந்துக் கணக்கைத் தட்டினேன். ஏக்கருக்கு எவ்வளவு கொழுந்து என்று பார்த்து, எல்லா மலைகளுக்கும் சராசரி எடுத்து, ஒவ்வொரு மலையும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே நிற்கிறது என்று மெஷின் ஒரு மார்க் போடும். மலைக்கு மலை கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது வழக்கம். அந்த வழக்கமான வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மார்க். ரொம்ப மேலே இருந்தால் பச்சை. ரொம்பக் கீழே இருந்தால் சிவப்பு. நடுவில் இருந்தால் மஞ்சள். அந்த மெஷினுக்குக் கறுப்பை விட்டால் இந்த மூன்று நிறம்தான் தெரியும்.

கறுப்புத் திரையில் எங்கள் தோட்டம் கட்டம் கட்டமாக மேலிருந்து கீழே வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் பிறந்த லயம், பள்ளிக்கூடம் போன பாதை எல்லாம் அந்தக் கட்டங்களில் எங்கேயோ இருந்தன. பெரும்பாலும் மஞ்சள். அங்கங்கே பச்சை. எட்டாம் நம்பர் நல்ல பச்சை. அதை ஒட்டி ஒன்றே ஒன்று மட்டும் சிவப்பு. அது ஒன்பதாம் நம்பர்.

பிரிண்டருக்கு நிறம் வராது. ஆகவே படத்தை எழுத்துகளாக அச்சடித்து, கலர் பென்சில் வைத்து நான் நிறம் தீட்ட வேண்டும். அந்தத் தாள்களை ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப்போய் முடித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில், இருபது பேர் வாளியோடு நிற்கிற இடத்தில், மாமியார் சொன்னார்: “எம் மருமக ஆபீசுல என்னா வேல பாக்குறான்னு நேத்துதான் தெரிஞ்சுச்சு. கலர் பென்சில் வச்சு கலர் அடிக்கிறா. பாலர் பள்ளிப் புள்ள மாதிரி. அதுக்கு ஒரு சம்பளம்!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். எனக்கு அது வராது. “நீங்க கொழுந்த வெட்டுறீங்க, நாங்க அதக் கணக்குப் பண்றோம். கணக்கு இல்லன்னா நீங்க வெட்டுனது வெறும் தழைதான்,” என்றேன். மாமியார் முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் திருப்பிக்கொள்வேன்.

அந்த வாரம்தான் துரை என்னைக் கூப்பிட்டார். துரை என்றால் தோட்ட மேனேஜர். வெள்ளைக்காரர் இல்லை, நம்ம ஆள்தான். வெள்ளைக்காரர் போனாலும் பட்டம் அந்த நாற்காலியிலேயே தங்கிவிட்டது. “இங்க பாரும்மா, மாசக் கடைசில ஹெட் ஆபீஸ்காரங்க வர்றாங்க. செவப்பா இருக்குற மலையில தேயிலைய எடுத்துட்டு கோஸ் போட யோசன இருக்கு. அந்தக் கூட்டத்த அங்கங்க பிரிச்சுப் போட்டுருவாங்க லா. நீ இந்தப் படத்த ஆபீஸ் பக்கத்து நிறுவைக் கொட்டகையில ஒட்டு. எந்தக் கலருக்கு என்னா அர்த்தம்னு தமிழ்ல எழுதிக் கீழ ஒட்டு. சம்பந்தப்பட்டவங்களுக்கு ஏதாச்சும் சொல்லணும்னா அதுக்குள்ள வந்து எங்கிட்ட சொல்லட்டும்.”

படத்தை ஒட்டினேன். விளக்கம் எழுத ஆபீசுக்குத் திரும்பி வந்தேன். டெலிபோன் அடித்தது, யாரோ லீவுக்கு எழுதித் தரச் சொன்னார்கள், மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். அது வரைக்கும் உண்மையிலேயே கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

பகலில் மலைக் கொட்டகைகளில் நிறுத்தது போக, சாயங்காலம் மிச்சக் கொழுந்தை நிறுக்க வந்த கூட்டங்கள் படத்தைச் சுற்றி நின்றன. மழைக்கு ஒதுங்கி நானும் கொட்டகை ஓரத்தில் நின்றேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தி நம்பர்களைப் படித்துக் காட்டினாள். ஒன்பதாம் நம்பரைத் தொட்டதும் மாமியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார்.

“செவப்பு! எங்களுக்கு மட்டுந்தான் செவப்பு! பாத்துக்குங்கடி!” என்று எட்டாம் நம்பர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “ஒங்களுக்குப் பச்ச.”

“பச்சன்னா என்னாக்கா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“பச்சன்னா பச்சதான். பக்குவமாகாத எல. பேக்டரியில கேட்டுப் பாரு.”

எட்டாம் நம்பர்ப் பெண்களின் முகம் விழுந்துவிட்டது. ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமியார் கொழுந்து வெட்ட வருவதற்கு முன்னால் ஏழெட்டு வருஷம் பேக்டரியில் இருந்தவர். அரைத்த இலையைப் பரப்பி வைத்து அது நிறம் மாறுவதற்குக் காத்திருக்கிற அறையில் வேலை. அந்த அறையில் நாள் முழுக்க ஒரே கேள்விதான்: செவந்திருச்சா? செவந்துவிட்டால் நல்ல தேயிலை. பச்சையாகவே நின்றால் கெட்டுப்போன சரக்கு, மேஸ்திரி கத்துவார். அந்தத் தோட்டத்தில் பேக்டரியில் ஒரு நாளாவது நிற்காத குடும்பம் கிடையாது. சிவப்பைப் பார்த்துப் பயப்படுவதெல்லாம் சிவப்பு மையில் திருத்திய நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போனவர்களின் வழக்கம். என்னைப் போல.

அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். “அத்த, அது அப்படி இல்ல,” என்று நாலு வார்த்தை. சொல்லவில்லை. குழாயடிச் சிரிப்பு என் காதில் இன்னும் இருந்தது. கலர் அடிக்கிற வேலைதானே, பாலர் பள்ளி வேலைதானே, நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொன்னபோது நல்ல திருப்தியாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் நடந்தது.

மறுநாள் மாமியார் ரவை கிண்டிக் கூட்டத்துக்கெல்லாம் கொடுத்தார். முந்திரிப்பருப்பு போட்டது. எனக்கும் ஒரு கிண்ணம் மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். நானும் பேசாமல் சாப்பிட்டேன். விளக்கத் தாளை அன்றும் எழுதவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஆபீசில் மற்றவர்கள் நான் எழுதி ஒட்டியிருப்பேன் என்று இருந்துவிட்டார்கள். துரை ஒரு தடவை, “ஒன்பதாம் நம்பர்ல இருந்து யாரும் வரலியே?” என்று கேட்டார். “வரல சார்,” என்றேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு சமாதானமும் வைத்திருந்தேன். கணக்கு கணக்குதான், இவர்கள் வந்து அழுதால் மெஷின் மார்க்கைக் கூட்டிப் போடவா போகிறது, முன்னாலேயே சொன்னால் என்ன, பின்னால் தெரிந்தால் என்ன என்று. ஆனால் கோஸ் லோரிகள் திரிங்காப் பக்கமிருந்து மேலே ஏறி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அந்தப் பதினெட்டுப் பேரில் பாதிப் பேர் கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்றவர்கள். ஒருத்தியை மேல் டிவிஷனுக்கும் ஒருத்தியைக் கீழ் டிவிஷனுக்கும் அனுப்பினால் மாமியார் யாருக்குத் தலைக்காரி? கத்தரியை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத கூட்டத்தில் கடைசி ஆளாக நிற்க வேண்டியதுதான்.

ஒன்பதாவது நாள் காலை. மறுநாள் தலைமை ஆபீஸ்காரர்கள் வருகிறார்கள். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாமியார் தகரப் பெட்டியைத் திறந்து இரண்டு சேலைகளைக் கட்டிலில் பரப்பிவைத்துவிட்டு, பத்து நாள் கோபத்தை விட்டு, என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“பெரிய ஆளுங்க வர்றாங்களாம். நம்ம மலையப் பாக்கத்தான் வருவாங்க. மொத ஆளா நாந்தான் நிக்கணும்னு புள்ளைங்க சொல்றாளுங்க. நீ சொல்லு, ஒனக்குத்தான் கலரு தெரியும். எதக் கட்ட? நீலமா, செவப்பா?”

ஒனக்குத்தான் கலரு தெரியும். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். சிவப்புச் சேலை என் கல்யாணத்துக்கு அவருக்கு எடுத்தது. அதன் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே நின்றார்.

“அத்த,” என்றேன். “செவப்பு நல்லதுக்கு இல்ல அத்த.”

முதலில் சேலையைச் சொல்கிறேன் என்று நினைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைதான் நல்லது, சிவப்பு என்றால் ரொம்பக் கம்மி, அந்த மலையில் கோஸ் போடப் போகிறார்கள், கூட்டத்தைப் பிரித்துவிடுவார்கள் என்று. சொல்லச் சொல்ல அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ரவை கொடுத்த கை மடியில் கிடந்தது. திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு. திட்டவில்லை.

“எம்புட்டுக் கம்மி?” என்றார் கடைசியில்.

“எட்டாம் நம்பர்ல பாதிகூட இல்ல.”

“பாதியா?” தலையை நிமிர்த்தினார். “எட்டாம் நம்பர்காரிங்க எங்களுக்கு ரெண்டு மடங்கு வெட்டுறாளுகளா? எவ சொன்னா?”

“மெஷினு சொல்லுது அத்த.”

“மெஷினு மலைக்கு வந்துச்சா?” பழைய குரல் திரும்பிவிட்டது. “ஏண்டி, மழையில பாத சரிஞ்சு எத்தன மாசமாச்சு! எங்க மலக் கொட்டகைக்கு எப்படிக் கூடையத் தூக்கிட்டு ஏறுறது? எங்க கொழுந்துல பாதிக்கு மேல எட்டாம் நம்பர் கொட்டகையிலதான நிறுக்குறோம்! இதுகூடத் தெரியாம என்னா கணக்கு எழுதுறீங்க ஆபீசுல?”

ஆபீசில் எங்களுக்கு அது தெரியாது. எட்டாம் நம்பர் கொட்டகைச் சீட்டு வந்தால் எட்டாம் நம்பர் பக்கத்தில் ஏற்றுவோம். ஆள் பெயர் சீட்டில் சரியாக இருந்ததால் யாருக்கும் சம்பளம் குறையவில்லை. ஆகவே யாரும் கேட்கவில்லை. மலைக்குத்தான் கொழுந்து குறைந்துபோனது. மலை வந்து வாய் திறந்து கேட்குமா?

“வாங்க அத்த,” என்றேன்.

“எங்க?”

“ஆபீசுக்கு. இப்பவே.”

மாமியார் அதுவரை ஆபீசுக்குள் கால் வைத்ததே இல்லை. சிலிப்பரை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். துரையிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். பாதை சரிந்த இடத்தை மாமியார் சொன்னார், கையை ஆட்டி ஆட்டி, இந்தப் பக்கம் வாய்க்கால், அந்தப் பக்கம் பாறை என்று. துரை கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். “சீட்டெல்லாம் இருக்கா?” என்றார். “இருக்கு சார்.” “அப்ப பிரிச்சுப் போடு லா. என்னாத்துக்கு நிக்கிற?”

சீட்டுகளைக் கட்டுக் கட்டாக எடுத்தேன். பதினெட்டுப் பேரின் பெயரை மாமியார் வரிசையாகச் சொன்னார், நான் தேடிப் பிரித்தேன். எட்டாம் நம்பர் பக்கத்திலிருந்து எடுத்து ஒன்பதாம் நம்பர் பக்கத்தில் சேர்த்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை. கணக்கை மறுபடி தட்டி முடித்தபோது வெளியே பனி இறங்கிவிட்டது. மாமியார் என் நாற்காலிக்குப் பின்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் படம் மேலிருந்து கட்டம் கட்டமாக இறங்கி வந்தது. எனக்கு ஒரு பயம் இருந்தது. சராசரியும் மாறும், வழக்கமான வித்தியாசமும் மாறும். இங்கே எடுத்த சிவப்பு வேறு யார் தலையிலாவது போய் உட்கார்ந்துவிட்டால்?

“எங்க, எங்க மல?”

“இன்னும் வரல அத்த. பொறுங்க.”

வந்தது. மஞ்சள். பக்கத்தில் எட்டாம் நம்பரும் பச்சை போய் மஞ்சள். படம் முழுக்க இறங்கி நின்றபோது எங்கேயும் சிவப்பு இல்லை. நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன்.

“மஞ்சன்னா என்னா?” என்று மாமியார் பயந்துபோய்க் கேட்டார்.

“நடு அத்த. எல்லாரையும் போல. பயம் இல்ல.”

“மஞ்சளே போதும்மா. மங்களகரம்,” என்று திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துரை சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலைமை ஆபீஸ்காரர்கள் வந்து, படத்தைப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் நம்பரில் கோஸ் வரவில்லை. சரிந்த பாதையை அடுத்த மாதம் கட்டினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் நான் இரண்டு படம் தீட்டினேன். தலைமை ஆபீசுக்குப் பச்சை நல்லது. கொட்டகைக்குச் சிவப்பு நல்லது. இரண்டையும் மாற்றி அனுப்பிவிடாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

படம் மஞ்சளான அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது, மாமியார் பாதி வழியில் நின்று கேட்டார்: “செவப்புன்னா கெட்டதுன்னு ஒனக்கு எப்பம்மா தெரிஞ்சுச்சு?”

அவருக்கு அந்த நிறம் என் கையால் தீட்டியது என்பது தெரியும். ஆனால் அர்த்தம் எனக்கும் தெரியாமல்தான் இருந்திருக்கும், யாரோ சொன்னதைத் தீட்டியிருப்பேன் என்று அவராகவே முடிவு பண்ணியிருந்தார். கேள்வியிலேயே அது இருந்தது. முகத்தைப் பார்த்தேன். சந்தேகம் ஒன்றும் இல்லை.

“இன்னிக்குக் காலையிலதான் அத்த,” என்றேன்.

அவ்வளவுதான். மறுநாள் அதே குழாயடி, அதே வாளிகள். “எம் மருமக இல்லன்னா நாங்க இந்நேரம் ஆளுக்கொரு மூலையில கெடப்போம். தெரிஞ்ச நிமிசம் ஓடியாந்து சொன்னா. சோறு தண்ணி இல்லாம ஒக்காந்து கணக்கப் போட்டா. கிராணி வேலன்னா சும்மாவா?” கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்த்துக் காத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ஒன்றாக வந்தன. வாளியைப் பாதி நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை குறைந்துவிட்டது. நான்தான் குறைத்துக்கொண்டேன். அவர் ஒன்று சொன்னால் பதிலுக்கு நாலு சொல்ல வாய் வரும். உடனே அந்த ஒன்பது நாள் நினைவுக்கு வரும், வாய் மூடிக்கொள்ளும். மருமகளுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று அதையும் லயம் முழுக்கச் சொன்னார்.

வயசாகிக் கண் மங்கிய பிறகும் அந்தக் கதையை அவர் விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். ரவை கிண்டிக் கொடுத்தது, சேலையைப் பரப்பியது, திரையைத் தொட்டுக் கும்பிட்டது எல்லாம் வரும். தன்னையே கேலி பண்ணிச் சிரிப்பார். முக்கியமான இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று குத்துமதிப்பாகத் திரும்பி, வந்தவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே கேட்பார்: “எப்பம்மா தெரிஞ்சுச்சு ஒனக்கு?”

நான் எங்கே இருந்தாலும், அடுப்படியில் இருந்தாலும், குரல் கொடுப்பேன்: “அன்னிக்குக் காலையிலதான் அத்த.”